முப்பது கிலோமீட்டர்தானே? மலைத் தடத்தின் வரைபடக் கோடு சொல்லாத கணக்குகள்

பெங்களூரில் வார இறுதிக்கு மவுண்டன் பைக் எடுத்துக் கிளம்புகிற பலரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். யாரோ அனுப்பிய ஜிபிஎக்ஸ் கோப்பு, அதாவது ஒருவர் போன வழியின் பதிவு, ஃபோனில் இருக்கிறது. அதில் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. காலை 6 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்கு இட்லிக் கடையில் இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் 11 மணி தாண்டியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க நேரிடுகிறது. இல்லாவிட்டால் வனத்துறைக் காவலர் வழிமறித்துத் திருப்பி அனுப்புகிறார். "வரைபடத்தில் பாதை இருக்கிறதே, பிறகு ஏன்?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

அந்தக் கோடு சொல்வது, யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் அந்த வழியாகப் போனார் என்பதை மட்டுமே. எவ்வளவு ஏற்றம், என்ன மண், யாருடைய நிலம், எந்தப் பருவம், எங்கே வெளியேறலாம் என்பதெல்லாம் அதில் இல்லை. தூரத்தைக் கடைசியாகப் பார்த்து, இந்த ஐந்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

தடம் என்று எதைச் சொல்கிறோம்

பெங்களூரைச் சுற்றி மவுண்டன் பைக்குக்கென்றே வெட்டிப் பராமரிக்கப்படும் பாதைகள் மிகக் குறைவு. நாம் ஓட்டுவதெல்லாம் வேறு தேவைக்காகப் பிறந்த வழிகள். அவற்றை இப்படிப் பிரிக்கலாம்:

1. பண்டிதாரி: மாட்டு வண்டியும் டிராக்டரும் போகும் மண்பாதை. இரண்டு சக்கரத் தடங்கள், நடுவில் புல்மேடு. கர்நாடகக் கிராம வரைபடங்களில் இந்தப் பெயரிலேயே இருக்கும்.
2. காலுதாரி: ஆளும் ஆடும் போகும் ஒற்றையடிப் பாதை. ஓட்டுவதற்கு இதில்தான் சுவை அதிகம், அழிவதும் இதுதான் சீக்கிரம்.
3. ஏரிக்கரை: மேலே சமதளமாக இருக்கும். பக்கச் சரிவு செங்குத்து. மதகு வரும் இடத்தில் பாதை சட்டென்று குறுகும்.
4. தைலமரத் தோப்பு வழி: யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே நேர்கோடாக ஓடும். உதிர்ந்த இலையும் பட்டையும் மண்ணை மறைத்திருக்கும்.
5. பாறைத்தளம்: மாகடி, சாவனதுர்கா, ராமநகரா பக்கம் வெட்டவெளியில் விரியும் கருங்கல். இதில் தடம் என்று எதுவும் பதிவதில்லை. வழி தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கடினத்தை அளக்க வெளிநாடுகளில் தரவரிசைகள் உண்டு. அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்ற குறிகள். ஜெர்மானிய முறையில் எஸ்0 முதல் எஸ்5 வரை. பொதுமக்கள் சேர்ந்து தொகுக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தடங்களுக்கு 0 முதல் 6 வரை எண் தருகிறது. 0 என்றால் சாதாரண மண்வழி, 2 என்றால் படிபோன்ற பாறைகளும் வேர்களும் வரும், 3-க்கு மேல் நுட்பம் கற்காதவர் இறங்கி நடப்பது நல்லது. நம் பகுதித் தடங்களில் பலவற்றுக்கு யாரும் எண்ணே இடவில்லை. எண் இல்லாததை எளிது என்று வாசித்துவிடக் கூடாது.

நேரத்தைத் தீர்மானிப்பது ஏற்றம்

70 கிலோ எடையுள்ளவர், 15 கிலோ சைக்கிள், தண்ணீரும் கருவிகளுமாக 5 கிலோ. மொத்தம் 90 கிலோ. இதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 88,000 ஜூல் ஆற்றல் வேண்டும். வழக்கமாக சைக்கிள் ஓட்டும் ஒருவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்து 120 வாட் தருகிறார் என்று வைத்தால், அந்த 100 மீட்டருக்கு மட்டும் 12 நிமிடம் ஆகிறது. மணிக்கு 500 மீட்டர் ஏற்றம். பொல பொலவென்ற மண்ணில் சக்கரம் புதைந்து உருளும் இழப்பையும் சேர்த்தால் 400 மீட்டர்தான் தேறும்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு கிடைக்கிறது: 10 கிலோமீட்டர் மண்தடத்துக்கு 1 மணி நேரம், அதன் மேல் 400 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி நேரம். 30 கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம் உள்ள தடத்துக்கு 3 மணியும் 1 மணி 45 நிமிடமும் ஆகும். ஓய்வு, ஒரு பஞ்சர், வழி கேட்பது எல்லாம் சேர்த்தால் 5 மணி நேரத்துக்கு மேல். காலை 6 மணிக்குக் கிளம்பியவர் 11 மணிக்குப் பிறகும் வெயிலில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அவர் உடம்பில் குறை ஏதும் இல்லை.

மொத்த ஏற்றம் ஒன்றாக இருந்தாலும் அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது முக்கியம். 1 கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறினால் சாய்வு 10%. அதே 100 மீட்டரை 400 மீட்டர் நீளத்தில் ஏறினால் 25%. அந்தச் சாய்வில், சரளைக்கல் மேல், பின்சக்கரம் வழுக்கும், முன்சக்கரம் தூக்கும். அங்கே ஓட்டுவதாகக் கணக்குப் போட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போனால் அரை மணி நேரம் கைநழுவிவிடும்.

வரைபடம் எங்கே ஏமாற்றுகிறது

பல இலவச வரைபடங்களின் உயரத் தரவுக்கு மூலம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் எடுத்த அளவீடு. நிலத்தை ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே உயரம் கொடுத்திருப்பார்கள். இதனால் வரும் பிழைகள் மூன்று.

முதலாவது, குறுகிய செங்குத்து ஏற்றங்கள் காணாமல் போகும். 60 மீட்டர் நீளத்தில் 15 மீட்டர் ஏறும் ஒரு முட்டு ஏற்றம் இரண்டே கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால், அக்கம்பக்கத்தோடு சமன்செய்யப்பட்டு மிதமான சரிவாகத் தெரியும். இரண்டாவது, ராடார் பல இடங்களில் மண்ணுக்குப் பதில் மர உச்சிகளைத் தொட்டிருக்கும். அடர்ந்த தோப்பின் ஓரத்தில் இல்லாத மேடு ஒன்று முளைக்கும்.

மூன்றாவதுதான் இந்தப் பகுதியில் உயிருக்கே ஆபத்தானது: கல்குவாரி. பெங்களூரைச் சுற்றி 2000-க்குப் பிறகு தோண்டிய குவாரிகள் அந்தத் தரவில் குன்றாகவே நிற்கின்றன. வரைபடம் மெல்லிய ஏற்றம் காட்டும் இடத்தில் செங்குத்தாக வெட்டிய பள்ளமும் அடியில் தேங்கிய நீரும் இருக்கலாம். கிளம்புமுன் தடம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். வெளிறிய சாம்பல் நிறத்தில், நேர்வெட்டான விளிம்போடு தெரிவது குவாரி. அதன் விளிம்பையொட்டித் தடம் போனால் அந்தத் தடத்தை விட்டுவிட வேண்டும். பாதி மூடிய, கைவிட்ட குவாரிக்கு வேலி இருக்கும் என்று நம்பக் கூடாது.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை அதன் இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். அதில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் உயர இடைவெளியில் வரையப்பட்டிருக்கும். நம் தடம் அந்தக் கோடுகளை நேராக வெட்டி ஏறுகிறதா, அவற்றோடு சாய்வாக நழுவிப் போகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பார்வை, ஃபோன் காட்டும் மொத்த ஏற்ற எண்ணைவிட அதிகம் சொல்லும்.

நிலம் யாருடையது: குழப்பம் அதிகமாக இருக்கும் இடம்

பாதை கண்ணுக்குத் தெரிவதும் அதில் போக உரிமை இருப்பதும் வேறு வேறு. பெங்களூரின் தென்கிழக்கில், ஆனேக்கல்லில் தொடங்கித் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று போகும் ஒரு நாள் பயணம் இரண்டு மாநிலச் சட்டங்களைத் தாண்டுகிறது. அந்தப் பகுதியில் பேச்சும் கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று கலந்து ஓடுவதால் எல்லை எங்கே என்று தெரியாமலே கடந்துவிடுகிறோம். நிலத்தை நான்கு வகையாகப் பார்த்தால் தெளிவு வரும்.

1. ஊராட்சிச் சாலை, வருவாய் நிலத்தின் பொதுவழி, ஏரிக்கரை, கோமாளம் எனப்படும் மேய்ச்சல் நிலம். இங்கெல்லாம் ஊரார் புழங்கும் வழியில் ஓட்டுவதற்குப் பொதுவாகத் தடை வராது. மேய்ச்சல் நேரத்தில் மந்தைக்கு வழிவிட வேண்டும்.

2. தனியார் நிலம். ராகி வயல், மல்பெரித் தோட்டம், மாந்தோப்பு, வேலி போட்ட பண்ணை மனைகள். போன ஆண்டு திறந்திருந்த வழி இந்த ஆண்டு கம்பிவேலிக்குள் இருக்கலாம். வேலிக்கம்பியைக் கையால் தூக்கி நுழையவே கூடாது. பன்றிக்கும் யானைக்கும் மின்சாரம் பாய்ச்சிய கம்பிகள் இருக்கின்றன. சோலார் வேலி கொடுக்கும் அடி ஒரு வகை, திருட்டுத்தனமாக மின்கம்பத்திலிருந்து இழுத்த கம்பி உயிரை எடுக்கும் வகை. வெளியில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

3. காப்புக் காடு. கர்நாடகத்தில் 1963-ஆம் ஆண்டு வனச் சட்டமும் தமிழ்நாட்டில் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமும் இதற்குப் பொருந்தும். அனுமதியின்றி நுழைவதே குற்றம். மரம் வெட்டவில்லை, நெருப்பு மூட்டவில்லை என்பது பதிலாகாது. நகருக்குள்ளேயே கனகபுரா சாலையை ஒட்டியிருக்கும் துரஹள்ளிகூட வனத்துறையின் காடுதான், பூங்கா அல்ல.

4. சரணாலயமும் தேசியப் பூங்காவும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, ராமநகராவின் ராமதேவரபெட்டா பாறுக் கழுகுச் சரணாலயம், தமிழ்நாட்டுப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். இவற்றுக்குள் குறிப்பிட்ட பொதுச்சாலையைத் தவிர வேறு வழியில் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போக முடியாது.

இதோடு இரண்டு தவறான புரிதல்களையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, மலையேற்ற அனுமதி இருந்தால் சைக்கிளுக்கும் போதும் என்று நினைப்பது. 2024 ஜனவரி இறுதியில் குமார பர்வதத்தில் கட்டுக்கடங்காத கூட்டம் குவிந்த பிறகு கர்நாடகம் மலையேற்றத்தை ஆன்லைன் முன்பதிவுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு விதிகள் இறுகின. இரண்டிலுமே கிடைப்பது குறிப்பிட்ட பாதையில், குறிப்பிட்ட நாளில், நடந்து போவதற்கான அனுமதி. சைக்கிள் கொண்டுபோக வேண்டுமானால் அந்த வனச் சரக அலுவலகத்தில் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மற்றொன்று, சூழல் உணர்திறன் மண்டலம் என்ற பெயரைக் கண்டு மிரள்வது. பாதுகாக்கப்பட்ட காட்டைச் சுற்றி வரையப்படும் அந்த வளையம் குவாரி, ஆலை, பெருங்கட்டடம் போன்றவற்றைக் கட்டுப்படுத்துவது. அதற்குள் இருக்கும் ஊர்ச்சாலையில் சைக்கிள் ஓட்டுவதை அது தடுப்பதில்லை.

எது எந்த வகை என்று அறிய கர்நாடகத்தில் திஷாங்க் என்ற செயலி உதவும். நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். சந்தேகமுள்ள துண்டுகளை வீட்டிலேயே அதில் தட்டிப் பார்த்துவிடலாம். களத்தில் ஊராரைக் கேட்பதைவிடச் சிறந்த வழி இல்லை. மூன்று கன்னட வாக்கியங்கள் போதும்: "ஈ தாரி ஊரிகே ஹோகுத்தா?" இந்த வழி ஊருக்குப் போகுமா. "முந்தே காடு இதியா?" முன்னால் காடு இருக்கிறதா. "ஆனே பந்திதியா?" யானை வந்திருக்கிறதா.

மூன்றாவது கேள்வி அலங்காரத்துக்கு அல்ல. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் யானைக் கூட்டங்கள் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. இரவில் வயலில் மேய்ந்துவிட்டு விடியலில் காட்டோரத் தோப்புக்குத் திரும்பும். சைக்கிள்காரர்கள் விரும்பிக் கிளம்பும் நேரமும் அதுவே. சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. திருப்பத்தில் 20 மீட்டரில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் ஒதுங்க இடமிருக்காது. அதனால் காட்டோரத் தடங்களில் நன்கு வெயில் ஏறிய பிறகு நுழைந்து, மாலை 4 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். சாவனதுர்கா, ராமநகரா, தேவராயனதுர்காப் பாறைப் பகுதிகளில் கரடிக்கும் இதே நேரக் கணக்குதான். திருப்பங்களில் மணியடிப்பதும் குரல் கொடுப்பதும் அங்கே கூச்சப்பட வேண்டிய காரியமல்ல.

மண்ணும் பாறையும் மழையும்

ராமநகரா வழியாக வடக்கு தெற்காக ஓடும் கருங்கல் தொடருக்குப் புவியியலாளர்கள் குளோஸ்பேட் கிரானைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். குளோஸ்பேட் என்பது ராமநகராவின் பழைய பெயர். பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். காய்ந்திருக்கும்போது இந்தச் சொரசொரப்பு டயரைக் கவ்விப் பிடிக்கும், நம்ப முடியாத சாய்வில்கூட ஏறலாம். நனைந்தால் கறுப்புப் படலம் படர்ந்த நீர்வழிகள் சோப்புபோல வழுக்கும். மழை பெய்த மறுநாள் பாறை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அந்தக் கறுப்புக் கோடுகளை மட்டும் செங்கோணத்தில், பிரேக் தொடாமல் கடக்க வேண்டும்.

பாறைக்கு மேல் இருப்பது மெல்லிய செம்மண். களி கலந்த இந்த மண் நனைந்தால் டயரில் அப்பி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடுக்கில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்படியே மிதித்தால், கியர் மாற்றச் செயினை நகர்த்தும் டெரெய்லர் இழுபட்டு முறியும். பெங்களூரில் மழை இரண்டு பருவத்திலும் உண்டு, செப்டம்பரில் மிக அதிகம். நல்ல மழைக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம், களிமண் பகுதியானால் 48 மணி நேரம் தடத்தைவிட்டு விலகியிருக்க வேண்டும். இது வண்டிக்காக மட்டுமல்ல. ஈரமண்ணில் விழுந்த டயர்த் தடம் அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகிறது.

பாதை ஏன் அரிக்கிறது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. சரிவில் தண்ணீர் ஓடும் திசையிலேயே பாதையும் போனால், மழைநீர் பாதையைத் தன் கால்வாயாக எடுத்துக்கொள்ளும். தடம் அமைப்போர் பின்பற்றும் விதி: பாதையின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரிச் சாய்வு 10% அளவில் நிற்க வேண்டும். 30% சரிவில் 15% வரைதான் பாதை ஏறலாம் என்று பொருள். குன்றுகளில் நேர்மேலாக ஏறும் குறுக்குவழிகள் இரண்டு மழைக்காலத்தில் முழங்கால் ஆழப் பள்ளமாவது இந்த விதி மீறப்படுவதால்தான். பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்குபவர்கள் அதை இன்னும் வேகப்படுத்துகிறார்கள். பாதைக்கு நாம் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, வளைவுகளை அறுத்துக் குறுக்கே போகாமல் இருப்பது.

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும். மொட்டைப் பாறை மேல் அப்போது நிற்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவானால் கீழே இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

வண்டி இந்தத் தடத்துக்குப் பொருந்துமா

கியர் விகிதம்தான் முதல் கேள்வி. முன்னே 32 பல், பின்னே 50 பல் உள்ள 12 கியர் வண்டியில் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ 1.47 மீட்டர் நகர்வோம். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 5.3 கிலோமீட்டர். 15% மண் ஏற்றத்தில் அதே 90 கிலோவுக்கு சுமார் 225 வாட் வேண்டும். தொடக்கநிலை 21 கியர் வண்டியில் 24-க்கு 28 பல் என்றால் மணிக்கு 6.6 கிலோமீட்டர், சுமார் 280 வாட். இது சில நிமிடங்களுக்கு மேல் பெரும்பாலோரால் முடியாது. ஆக 15% தாண்டும் இடங்களில் தொடக்கநிலை வண்டிக்காரர் இறங்கித் தள்ளுவதையே திட்டமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அத்தகைய வண்டிகளில் பின்சக்கரம் பெரும்பாலும், பல்சக்கரத் தொகுதியை ஹப்பின் மேல் திருகி மாட்டும் ஃப்ரீவீல் வகை. அதில் பேரிங் உள்தள்ளி இருப்பதால் படிக்கற்களிலிருந்து குதித்தால் அச்சு வளையும்.

டயர் அழுத்தம் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் 50 பிஎஸ்ஐ தார்ச்சாலைக்கு உரியது. 70 கிலோ ஆளுக்கு 2.2 அங்குல டயரில் டியூப் இருந்தால் 26 முதல் 30, டியூப்லெஸ் என்றால் முன்னே 20 முதல் 24, பின்னே 2 பிஎஸ்ஐ கூடுதல். இதற்கும் குறைத்தால் கல் விளிம்பில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும்.

பஞ்சருக்கு முதல் காரணம் கருவேல முள். டியூப்லெஸ் டயருக்கு 80 முதல் 120 மில்லி சீலன்ட் ஊற்றினால் சிறு துளைகள் தானே அடையும். நம் வெயிலில் அது 3 மாதத்தில் காய்ந்துவிடலாம், சக்கரத்தைக் காதருகே ஆட்டிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். டயர் கிழிந்து டியூப் போட வேண்டி வந்தால் ஒரு வேலையை மறக்கக் கூடாது. டியூப்லெஸ் டயர் மாதக்கணக்கில் முள்ளைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கும். உள்பக்கத்தைத் துணியால் முழுச்சுற்றும் தடவி ஒவ்வொரு முள்ளையும் பிடுங்காமல் டியூப் போட்டால் 100 மீட்டர்கூடப் போகாது.

கையில் இருக்க வேண்டியவை: டியூப் 1, பேட்ச், டயர் பிளக், பம்ப், அலன் கீ, செயின் கட்டர், உங்கள் கியர் எண்ணிக்கைக்குரிய செயின் இணைப்புக் கண்ணி, டெரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கர். கடைசியானது மாடலுக்கு மாடல் மாறும், கிராமத்து சைக்கிள் கடையில் கிடைக்காது. அறுவடைக் காலத்தில் சாலையில் போரடிக்கப் பரப்பிய கொள்ளுக்கொடி டெரெய்லரில் சுற்றி அதை வளைப்பதுண்டு. அங்கே இறங்கித் தள்ளிக் கடக்க வேண்டும், அது ஒருவருடைய விளைச்சலும்கூட.

கிளம்புமுன் செய்ய வேண்டிய வரிசை

1. தடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துக் குவாரி, புது வேலி, மனைப்பிரிவு பார்க்கவும்.
2. காட்டு எல்லையைத் தொடும் துண்டுகளைத் தனியாகக் குறிக்கவும். அனுமதி இல்லையேல் ஊர்ச்சாலையால் சுற்றிப் போகும் மாற்றுவழி வரையவும்.
3. மேலே சொன்ன கணக்கில் நேரம் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு கூட்டவும்.
4. ஒவ்வொரு 8 கிலோமீட்டருக்கும் தார்ச்சாலைக்கு இறங்கும் ஒரு வழியைக் குறித்துவைக்கவும். ஃபோன் சிக்னல் இல்லாத பள்ளத்தில் அடிபட்டால் 108 ஆம்புலன்ஸ் வரக்கூடிய இடம் எது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
5. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். பாறைப்பகுதியில் கடை இருக்காது.
6. திரும்பும் நேரத்தை நிச்சயித்து, வீட்டில் ஒருவரிடம் தடத்தின் படத்தோடு சொல்லிவிடவும். அந்த நேரம் வந்ததும் உச்சிக்கு 500 மீட்டரே மீதி இருந்தாலும் திரும்பவும். பெங்களூர் பக்கம் குளிர்காலத்தில் மாலை 6 மணியளவில் சூரியன் இறங்கிவிடும், பாறைத்தளத்தில் இருட்டிய பின் வந்த வழியைக் கண்டுபிடிக்க டயர்த் தடம்கூட இருக்காது.